மான் துப்பாக்கி தேடி மக்காச்சோளக் காட்டுக்கு

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தொலைநோக்கியை எடுத்தார். அதற்கு அடியிலிருந்து ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்தார். அட்டை முழுக்க வேட்டைத் துப்பாக்கிகள். அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரம், முழங்காலில் மூட்டுவலிப் பட்டை, காதில் ஜிமிக்கி.

"என்ன மேடம் இது?"

"விலைப்பட்டியல் சார்."

"அது தெரியுது. உங்களுக்கு எதுக்கு?"

"மான் சுடறதுக்கு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்து மேசையில் இருந்தவரும் எழுந்து வந்துவிட்டார். நான் நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் என்பதையும், அங்கே மான் என்பது யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டு, பெருகிப்போய், காட்டையே மேய்ந்து தீர்க்கிற தொல்லை என்பதையும், அதைச் சுட அரசாங்கமே உரிமம் கொடுக்கிறது என்பதையும், இதுவரை நான் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை என்பதையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க. இங்க எதையும் சுட்டுடாதீங்க."

வெளியே காத்திருந்த என் தம்பி குமரேசனிடம் இதைச் சொன்னபோது அவன் காரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான். அவன் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நான் வந்திருக்கிறேன். அக்கா கையால் பால் பொங்க வேண்டும் என்பது அவன் மனைவி மலரின் உத்தரவு. இரண்டு வாரம் விடுப்பு. அந்த விடுப்புக்குள் நான் ஒரு துப்பாக்கியையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பால் எப்படியும் பொங்கிவிடும், துப்பாக்கிதான் கவலை.

இந்தப் பைத்தியம் பாம் என்பவளால் எனக்குப் பிடித்தது. எங்கள் முதியோர் இல்லத்தின் சமையல்காரி, என்னைவிடப் பெரியவள், பனிக்காலம் முழுக்கக் கடையில் கறியே வாங்காதவள். அவள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு மான் முழுசாகப் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருக்கும். அவள் கொடுத்த கறியை ஒரு நாள் மிளகு போட்டு வறுத்தேன். அன்றே உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். பாதுகாப்பு விதிகளைப் பற்றிய தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. "நீ பிறவி வேட்டைக்காரி" என்றாள் பாம். அதை நான் நம்பியது என் தப்பு.

உரிமம் வந்த பிறகும் துப்பாக்கி வரவில்லை. ஏனென்றால் நான் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தேன். வாங்கப்போவது ஒன்றே ஒன்று. மலைச்சரிவில் எட்ட நிற்கிற மானுக்கும் அதுதான், புதரை உடைத்துக்கொண்டு வருகிற பன்றிக்கும் அதுதான். ஒரே மாப்பிள்ளை வயலும் உழ வேண்டும், வக்கீலாகவும் இருக்க வேண்டும் என்கிற கதை. பாம், 'த்ரீ நாட் எய்ட்' கட்சி. அது தோட்டாவின் பருமனைச் சொல்லும் எண். நம்மூர் போலீஸ்காரர்கள் தூக்கித் திரிந்த பழைய த்ரீ நாட் த்ரீக்குக் கிட்டத்தட்டப் பங்காளி. எந்தச் சந்தில் நுழைந்தாலும் அதற்குத் தோட்டா கிடைக்கும் என்பாள். கடைக்காரர் டெனிஸோ என் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'செவன் எம்எம் நாட் எய்ட்' என்ற இன்னொன்றைச் சொன்னார். தோட்டா கொஞ்சம் மெலிது, பின்னால் உதைப்பது குறைவு, மானுக்கு அது தாராளம் என்றார்.

துப்பாக்கி மேல் பொருத்துகிற ஸ்கோப் விஷயத்தில் நான் இன்னும் மோசம். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்குவது போதும் என்று டெனிஸ் சொல்ல, நான் பதினாறு மடங்குக்கு ஆசைப்பட்டேன். "அதுல நிலாவுல பாட்டி வடை சுடறது தெரியும். மான் தெரியாது" என்றார் என் கணவர். அவருக்குத் துப்பாக்கியே பிடிக்கவில்லை. கடைசியில் டெனிஸ் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "ஊரிலிருந்தே ஒன்றைச் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் இரண்டையும் விற்றுவிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பெரம்பலூரில் காரை நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டோம். கல்லில் தட்டித் தட்டிப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுகிற அழகைப் பார்த்தபடி, "ஒரு தோட்டா நூத்தம்பது கிரெய்ன் எடைங்கறான், இன்னொண்ணு நூத்தி நாப்பது" என்று தம்பியிடம் ஆரம்பித்தேன். பரிமாறியவர் நின்றுவிட்டார். தம்பி என் இலையைக் காட்டினான்.

"அக்கா, சாப்புடு. ஆறிப் போவுது."

தம்பியின் ஊர் அரும்பாவூருக்குப் பக்கத்தில், பச்சைமலை அடிவாரத்தில். கார்த்திகை மாதம். தூறலும் வெயிலுமாக இருந்தது. இந்தப் பக்கம் விளைநிலத்தைக் 'காடு' என்றுதான் சொல்வார்கள். தம்பியின் காட்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. கதிரில் பால் பிடித்திருந்தது. ஆனால் மேற்கு மூலையில் பாதிப் பயிர் சாய்ந்து, மிதிபட்டு, கதிர்கள் கடித்துத் துப்பப்பட்டுக் கிடந்தன. காட்டுப்பன்றி.

"தின்னுட்டுப் போனாக்கூடப் பரவால்ல அண்ணி" என்றாள் மலர். "படுத்து உருண்டுட்டுல்ல போவுது."

பக்கத்துக் காட்டுக்காரர் கரண்டுக் கம்பி போடலாம் என்கிறாராம். அதைக் கேட்டதும் நான் பொங்கிவிட்டேன். பன்றி எது, மனுசன் எது என்று கம்பிக்குத் தெரியுமா, விடிகாலையில் மடை மாற்ற வருகிறவன் கருகிப் போவான், கொலைக் கேஸு என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். மலர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். தம்பி, "அதான் நாங்க பட்டாசு வாங்கி வச்சிருக்கோம்" என்று ஒரே வரியில் முடித்தான்.

மறுநாள் காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் உள்ளே போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு துப்பாக்கிகளில் எதன் கட்டை, அதாவது தோளில் பதிகிற பின்பகுதி, என் கைக்குச் சரியான நீளம் என்ற சந்தேகம் தீரவே இல்லை. உடையார்பாளையத்தில் என் பெரியம்மா மகன் ராமலிங்கம் அண்ணன் இருக்கிறார். முந்திரித் தோப்புக்காரர். அவர் வீட்டில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டால் கணக்கு தெரிந்துவிடும். தம்பி பந்தல் வேலையில் இருந்தான். நான் பஸ் ஏறினேன்.

பெரம்பலூர் வந்து அரியலூர் பஸ். அரியலூர் வந்து ஜெயங்கொண்டம் பஸ். முன்னால் சிமெண்டு லாரி, பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி. நியூசிலாந்தில் என் வழியில் நிற்பவை ஆட்டுமந்தைகள். அவையும் இதே வேகத்தில்தான் போகும், ஆனால் ஹாரன் அடிக்காது. பாதி வழியில் பஸ் ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி டயரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒரு வேப்பமரத்தடியில் இறக்கப்பட்டோம்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கூடையில் இரண்டு கோழிகளோடு இருந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார். விமான நிலையத்தில் பட்டும் புத்தி வராத நான், "துப்பாக்கி பாக்கப் போறேன்" என்றேன்.

"யார சுடறதுக்கு?"

"ஆள இல்லீங்க. மான."

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தார்.

"மான் என்னம்மா பண்ணுச்சு உன்ன?"

மரத்தடியே திரும்பிப் பார்த்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் நியூசிலாந்து அரசாங்கத்துடையவை. "அங்க அது பயிர மேயுதுங்க" என்றேன். "அப்ப நம்மூரு பன்னி மாரின்னு சொல்லு" என்றார் ஒரு பெரியவர். "பன்னிய சுட்டா உள்ள போட்டுருவான். மானுன்னா வெளியவே வர முடியாது. வெளிநாட்டுலயே சுட்டுக்க தாயி" என்றார் இன்னொருவர். கண்டக்டர் மட்டும் தனியாக வந்து, நேபாளம் பக்கம் எங்காவது விசா இல்லாமல் வேட்டையாட முடியுமா என்று விசாரித்தார்.

உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு நேரம். ராமலிங்கம் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"துப்பாக்கியா? தேர்தல் வருதுன்னு ஸ்டேசன்ல குடுத்தாச்சும்மா. முடிஞ்சப்பறந்தான் தருவான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மனம் கேட்காமல் உள்ளே போய்த் துப்பாக்கியின் தோலுறையை எடுத்து வந்தார். "இந்த நீளந்தான்" என்று காட்டினார். காலி உறையை எப்படித் தோளில் வைப்பது? அவர் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு குடையை எடுத்து அதற்குள் செருகினார். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, வளைந்த கைப்பிடியைத் தோள்குழியில் பொருத்தி, எதிரே இருந்த தென்னைமரத்தைக் குறி பார்த்தேன்.

"மொழங்கைய எறக்கும்மா. கன்னத்த ஒட்டு. ரெண்டு கண்ணயும் தொறந்து வையி" என்றார் அண்ணன்.

அண்ணி செல்போனில் படம் எடுத்தார். பக்கத்து வீட்டில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், என்ன நினைத்தாளோ, மெதுவாகக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

படத்தைப் பாமுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "நிற்கிற விதம் சரியாக இருக்கிறது. மழை பெய்தால் சுட்டுவிடு."

முந்திரி அரைத்து விட்ட ஆட்டுக்கறிக் குழம்பு அன்று என் எல்லாத் தோல்விகளையும் மன்னித்தது. மூன்று தரம் சோறு வாங்கிக்கொண்டேன். ஒன்று மட்டும் தெளிவானது: எனக்குக் கட்டை குட்டையாக இருக்க வேண்டும், உதை குறைவாக இருக்க வேண்டும். அதாவது டெனிஸ் என் தோளை ஒரு முறை பார்த்துச் சொன்னதைத் தெரிந்துகொள்ள நான் இரண்டு மாவட்டங்களைக் கடந்திருந்தேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. பொங்கியது. என் உயரத்துக்கு அடுப்பு எட்டவில்லை என்று பலகை போட்டு நிற்க வைத்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் குடைப் படம் வந்து சேர்ந்திருந்தது. "எங்க, துப்பாக்கி அத்தை எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் பந்திக்குப் பந்தி போய், மானுக்கு எந்த இடத்தில் குறி வைக்க வேண்டும் என்று விளக்கினேன். முன்னங்காலுக்கு நேர் மேலே, தோளுக்குச் சற்றுப் பின்னால். நெஞ்சுக்கூடு. ஒரே குண்டு. என் கையால் ஒரு ஆட்டின் பக்கவாட்டில் தொட்டுக்கூடக் காட்டினேன். ஆடு நகர்ந்துபோனது.

அடுத்த நாள் சாயங்காலம், பன்றியைப் பார்த்தே தீர வேண்டும் என்று தம்பியோடு காட்டுக்குப் போனேன். அவன் கையில் பட்டாசுப் பை. என் கழுத்தில் தொலைநோக்கி; கையில் பந்தலில் மிச்சமான ஒரு சவுக்குக் குச்சி. மேற்கு மூலையில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தோம். தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தம்பி இறங்கிப் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் சோளத்தட்டைகள் ஆடின.

வரப்பு ஓரமாக, குறுக்கே. காற்று இல்லை. நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். தட்டைகளுக்கு இடையே கரிய முதுகு ஒன்று கூனிக்கொண்டு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வரட் வரட்டென்று எதையோ பிய்க்கிற சத்தம். தலையைக் கீழே போட்டிருந்தது. மேலே இரண்டு காதுகள் கூராக எழுந்து நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மூக்கைப் பார்த்தேன். கோரைப்பல் வெள்ளையாக மின்னியதையும் பார்த்தேன். நல்ல கிடா, எண்பது கிலோ தேறும் என்று கணக்குப் போட்டேன்.

தொலைநோக்கியை விட்டுவிட்டுக் குச்சியைத் தோளில் வைத்தேன். முழங்கையை இறக்கினேன். கன்னத்தை ஒட்டினேன். தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்து, பாதி மூச்சை விட்டு, மீதியைப் பிடித்து, விரலை மெல்ல மடக்கினேன்.

"டுப்" என்றேன், வாய்க்குள்ளேயே.

அருமையான குண்டு. இதைவிட நன்றாக யாராலும் சுட்டிருக்க முடியாது.

பன்றி நிமிர்ந்தது. இரண்டு காலில் நின்றது. தலையில் கொங்காணியாகப் போட்டிருந்த கோணிச்சாக்கைத் தள்ளிவிட்டுக்கொண்டு, ஒரு கையில் அறுத்த புல்லும் மறு கையில் அரிவாளுமாக என்னைப் பார்த்துச் சொன்னது:

"அண்ணி, குளுருதா? டீ போட்டு எடுத்தாரவா?"

நான் சிரித்தேன். மலர் நடந்து வர வர, இன்னும் சிரித்தேன். குச்சியைக் கீழே வைக்கப் பார்த்தேன். குச்சி டிரெய்லர் தகட்டில் தடதடவென்று அடித்தது. பிறகு சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். மலர் புல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நெசமாவா? என்னையப் பன்னின்னா நெனச்சீங்க?"

தலையாட்டினேன்.

"எவ்ளோ கிலோன்னு நெனச்சீங்க?"

"எம்பது."

"அய்யய்யோ, அறுவத்தஞ்சுதான் அண்ணி!"

அதற்குள் தம்பி திரும்பி வந்துவிட்டான். மலர் அவனிடம் சாக்கைத் தலையில் போட்டு, நடந்து காட்டிச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சாக்கின் இரண்டு மூலைகளும் காது மாதிரி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையில நெசத் துப்பாக்கி இருந்திருந்தா?" என்றான்.

"இருந்திருந்தா உங்களுக்கு வேற பொண்டாட்டி" என்றாள் மலர். சொல்லிவிட்டுச் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். அன்று பன்றி வந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வி இருந்தது. சுடுவதற்கு முன் இலக்கு எதுவென்று துளிச் சந்தேகமும் இல்லாமல் அறிந்துகொள் என்ற விதி. நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். எனக்குத் துளிச் சந்தேகம்கூட இருக்கவில்லை. மங்கலாகத் தெரிந்திருந்தால் தயங்கியிருப்பேன். எனக்குக் கோரைப்பல்லே தெரிந்தது.

பாமைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கேலி பேசுவாள் என்று காத்திருந்தேன். "எங்கள் மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் அப்படி ஒருவனைத் தெரியும். கூட வந்த நண்பனையே மான் என்று சுட்டவன். அவனும் கொம்பைப் பார்த்தேன் என்றுதான் சொல்வான்" என்றாள். பிறகு, "நீ திரும்பி வந்து அந்தத் துப்பாக்கியை வாங்கு. உன்னைப் போலப் பயந்தவளோடு போகத்தான் எனக்குப் பிடிக்கும்" என்றாள்.

இனி வேண்டவே வேண்டாம் என்று எழுதிவைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, டெனிஸுக்குச் சொல்லிவிட்டேன். செவன் எம்எம் நாட் எய்ட். குட்டைக் கட்டை. நூற்று நாற்பது கிரெய்ன் தோட்டா. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு ஸ்கோப். இரண்டு ஆண்டுகளாக முடியாதது ஒரு நிமிடத்தில் முடிந்தது. எதை வாங்கினால் என்ன. துப்பாக்கி எதுவானாலும் அதற்குப் பின்னால் இருக்கப்போவது என் கண்தானே.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது மலர் என் பெட்டியில் ஊறுகாய், கருவடகம், ஒரு மூட்டை சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் திணித்தாள். வெங்காயத்தை நியூசிலாந்துக்குள் விட மாட்டார்கள் என்று சொல்லி எடுத்து வைத்தேன். "துப்பாக்கிய விடறான், வெங்காயத்த விடமாட்டானா?" என்று கேட்டாள்.

பங்குனி வெயில் ஊரில் கொளுத்தும்போது அங்கே இலையுதிர்காலம். ஆண் மான்கள் உறுமுகிற பருவம். அந்திக்கு முன்பாக, பாமும் நானும் ஒரு ஓடைக்கரையில் ஈரப்பாசி மேல் குப்புறக் கிடந்தோம். அதற்குள் நான் ஓடையில் ஒரு தரம் விழுந்து எழுந்திருந்தேன். எதிர்க்கரைப் புதரில் பழுப்பாக ஏதோ அசைந்தது.

"மான்" என்றாள் பாம் காதோரம். "உனக்கு நேராக. சுடு."

ஸ்கோப்பில் பார்த்தேன். பழுப்பு. ரோமம் மாதிரி இருந்தது. கம்பளிச் சட்டை மாதிரியும் இருந்தது. விசைக்கு வெளியேதான் விரல். தலையைக் காட்டு என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கிளை ஆடியது. காது என்று தோன்றியது. தோன்றியதால்தான் நம்பவில்லை. பாம் என் முதுகில் விரலால் குத்தினாள். நான் அசையவில்லை.

பிறகு அது புதரை விட்டு வெளியே வந்தது. பெட்டைமான். நான்கு கால், ஈர மூக்கு, எல்லாம் இருந்தது. எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒரே தாவலில் மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"அது மான்தான்" என்றாள் பாம்.

"இப்போது தெரிகிறது" என்றேன்.

அவள் தன் ஊர்மொழியில் சில வார்த்தைகள் சொன்னாள். அவற்றை மொழிபெயர்ப்பதற்கில்லை. ஆனால் வண்டிக்குத் திரும்பும்போது என் துப்பாக்கியையும் அவளே சுமந்து வந்தாள், என் முழங்காலுக்காக.

வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஒரு கோழி வாங்கினேன். அதை வெட்டிக்கொண்டிருக்கும்போது மலர் கூப்பிட்டாள். தையில் அறுத்த சோளத்துக்கு இப்போதுதான் பணம் வந்தது, மூலையைத் தவிர மற்றதெல்லாம் தப்பியது, பக்கத்துக் காட்டுக்காரரும் கம்பியை விட்டுவிட்டுப் பட்டாசுக்கு மாறிவிட்டார் என்றாள். பிறகு கேட்டாள்.

"மான் கெடச்சுதா அண்ணி?"

"இல்ல மலர். மான்தானான்னு பாக்கறதுக்குள்ள போயிடுச்சு."

"போவட்டும் வுடுங்க. அதுவும் புல்லு அறுக்க வந்திருக்கும்."